மாதாவுக்குக் குளிராது

இல்லம்மா, நான் டீச்சர் இல்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. கண்ணாடி போட்டுக்கினு, புடவைக்குப் பின் குத்திக்கினு, தோள்ல ஒரு பையை மாட்டிக்கினு வந்து நின்னா உடனே டீச்சர்னு முடிவு பண்ணிடறீங்க. கான்வென்ட்ல படிச்சவ, அவ்வளவுதான். சமைக்கறது, துவைக்கறது, எங்க வீட்டுக்காரரைத் திட்டறது, இதான் என் உத்தியோகம். பேரு லூசியா, திண்டிவனம். நீ அம்சாதானே? வேங்கடேசன் வீட்டம்மா? அப்பாடா. உங்க ஊர்ல மூணு வீட்டு நாய்கிட்டத் தப்பிச்சி நாலாவதா உன் வீட்டுக்கு வந்திருக்கேன். அவரு வயல்லயா? எப்ப வருவாரு? மோட்டாரை நிறுத்திட்டா? கரண்ட்டு போனாத்தான் மோட்டாரை நிறுத்துவாரு, கரண்ட்டு எப்ப போகும்னு யாருக்குத் தெரியும். போன் போட்டாலும் எடுக்க மாட்டாரா. ஆம்பளைங்க எல்லாம் ஒரே கம்பெனிதான். சரி, உங்கிட்டயே சொல்றேன்.

எனக்குச் சுத்தி வளைச்சிப் பேசத் தெரியாது. மாதா கோவில் திருவிழாவுல உங்க வீட்டுக்காரர் ஏலத்துல ஒரு போர்வை எடுத்தாரே, அது எனக்கு வேணும்மா. இன்னிக்கே வேணும். சாயந்திரத்துக்குள்ள விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுகினு போகணும். எம் பொண்ணு அங்க படுத்திருக்கா. அக்னஸ். அந்தப் போர்வையைப் பின்னினவ அவதான். அவளுக்குத்தான் வேணும்.

ஏன் கை நின்னுபோச்சு? நீ உரி, உரி. நானும் ரெண்டு மல்லாட்டை உரிக்கறேன், இப்படித் தள்ளு. கான்வென்ட்ல மல்லாட்டைன்னா திட்டுவாங்க, வேர்க்கடலைன்னுதான் சொல்லணும். கையைச் சும்மா வெச்சிக்கினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். காபியெல்லாம் வேணாம். தண்ணி குடுத்தியே, அது போதும்.

அது எங்க காசு குடுத்து எடுத்ததுன்னு நீ சொல்லுவே. நியாயம்தான். உங்க வீட்டுக்காரர் மேல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அவரு பண்ணக் கூடாத ஒண்ணைப் பண்ணிட்டாரு. கோவிச்சிக்காதே, தெரியாமத்தான் பண்ணினாரு. எங்க வழக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குப் புள்ள உடம்பு முடியாம கெடந்தா, மாதாவே, பொழைக்க வை, உனக்கே குடுத்துடறேன்னு நேர்ந்துக்குவோம். பொழைச்சதும் திருவிழாவுக்குக் கூட்டிக்கினு போயி கோவில்ல விட்டுடணும். விட்டுட்டு வந்துட முடியுமா, பெத்த புள்ளய? அதுக்குத்தான் ஏலம். சாமியாருக்கு ஒத்தாசையா இருக்கற உபதேசியார் புள்ளயத் தூக்கிக் காட்டுவாரு. அப்பன்காரன் கேப்பான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், முடிஞ்சிது. மாதாவுக்குக் குடுத்த மாதிரியும் ஆச்சு, புள்ள வீடு வந்த மாதிரியும் ஆச்சு. சுத்தி ஊரே நிக்கும், ஒருத்தர் வாயைத் தொறக்க மாட்டாங்க. குடுத்தவங்க கேக்கறப்ப அதுக்கு மேல கேக்கக் கூடாது. இதை யாரும் போர்டுல எழுதி வெக்கலை. எழுதி வெச்சிருந்தா உங்க வீட்டுக்காரர் படிச்சிருப்பாரு.

கேளு. அக்னஸுக்கு வெயில் காலத்துல தலைவலின்னு ஆரம்பிச்சி மூளைக்காய்ச்சல்ல கொண்டுபோயி விட்டுச்சி. நெனைவே இல்ல. மாதாவுக்குக் குடுத்துடறேன்னு நேர்ந்துக்கினேன். அப்புறம்தான் யோசிக்கறேன், இருபத்திரெண்டு வயசுப் பொண்ணை எப்படித் தூக்கிக் காட்டி ஏலம் விடறது? மாப்பிள்ளை தேடறாங்கன்னு நெனைச்சி எவனாவது கை தூக்குவான். அதனால ஒரு வழி கண்டுபுடிச்சேன். பொண்ணுக்குப் பதிலா அவ கையால பின்னின போர்வை. மாதா மேல போட்டு எடுத்து ஏலம் விடுவாங்க, எங்க வீட்டுக்காரர் கேப்பாரு, மடிச்சி எடுத்துக்கினு வந்துடலாம். நல்ல ஏற்பாடுதானே? மாதாவும் ஒத்துக்கினாங்க. அக்னஸ் எழுந்து உக்காந்தா, கஞ்சி குடிச்சா, நடந்தா. ஆடி போயி ஆவணி பொறக்கறதுக்குள்ள திருவிழா. இங்க முகையூர்ப் பக்கம்தான் எங்க வீட்டுக்காரருக்குச் சொந்த ஊரு, அதான் இந்தக் கோவில்.

அக்னஸுக்குக் காது கேக்காது, சொல்லிடறேன். பொறவியிலேயே. பேச்சும் வரலை. ஐயோ பாவம்னு சொல்லாதே, அவளுக்குப் புடிக்காது. சைகைலயே பேசுவா. நான் ஒண்ணு சொன்னா அவ கை ரெண்டு சொல்லும். வாயாடி பெத்தது வாயாடிதான், கையால ஆடுது, அவ்வளவுதான் வித்தியாசம். சிஸ்டருங்க நடத்தற ஸ்கூல்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. அங்க கத்துக்கினதுதான் இந்தப் பின்னல். முனையில கொக்கி மாதிரி இருக்குமே, குரோஷா ஊசி. எனக்கும் கான்வென்ட்ல கத்துக்குடுத்தாங்க. கைக்குட்டைக்கு ஓரம் பின்னச் சொன்னா மீன் வலை பின்னிக் குடுத்தேன். சிஸ்டர் ஸ்கேலை எடுத்தாங்க. அதோட எனக்கும் ஊசிக்கும் உறவு முடிஞ்சிது.

எங்க வீட்ல தினம் ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்லணும். டிவியை அணைச்சிட்டு முட்டி போட்டுக்கினு சொல்லணும். நீ பார்த்திருப்பே, மணி கோத்த மாலை. பத்து சின்ன மணி, ஒரு பெரிய மணி, திரும்பப் பத்து, திரும்ப ஒண்ணு. சின்ன மணிக்கு மாதா மந்திரம், பெரிய மணிக்குப் பரலோக மந்திரம், அப்படியே உருட்டிக்கினு போகணும். நாங்க சொல்லிக்கினு இருப்போம், இவ சுவத்துல சாஞ்சிக்கினு, மடியில உல்லன் நூலைப் போட்டுக்கினு, பின்னிக்கினே இருப்பா. அப்பா வாயை ஒரு பார்வை, ஊசியை ஒரு பார்வை. எனக்கு எரியும். நம்ம ஊர் வெயிலுக்கு உல்லன் போர்வை ஒரு கேடா? அதையும் ஜெப நேரத்துலயா? தொடையில கிள்ளுவேன். ஏண்டி, வாய்தான் வரலை, கையாவது கூப்பக் கூடாதான்னு. என் கையைத் தட்டி விட்டுட்டுப் பின்னுவா.

கோவம் மேலுக்குத்தான்மா. உள்ளுக்குள்ள பயம். இந்தப் பொண்ணுக்குக் கடவுள்னு ஒருத்தர் இருக்காருன்னு தெரியுமா? பூசையில சாமியார் சொல்றது கேக்காது, பாட்டு கேக்காது, மணிச் சத்தம் கேக்காது. எல்லாரும் முட்டி போட்டா போடும், எழுந்தா எழும். நாங்க ரெண்டு பேரும் போயிட்டா, ஒரு கஷ்டம்னு வந்தா, யாரைக் கூப்பிடும்? எப்படிக் கூப்பிடும்? வெளியில சொல்ல முடியுமா இதை? அன்பியம்னு எங்க தெருக்காரங்க கூடற கூட்டத்துல முன்னாடி நின்னு ஜெபம் சொல்றவ நான்.

ஏலத்தன்னிக்கு வா. உபதேசியாரும் இன்னொரு ஆளும் ஆளுக்கொரு முனையைப் புடிச்சிக்கினு போர்வையை விரிச்சித் தூக்கினாங்க. நல்ல வெயிலு. நான் அதை முழுசா விரிச்சிப் பார்த்ததே கிடையாது, நம்புவியா? அவ மடியிலயே சுருண்டு கெடக்கும், படுத்தா கால்கிட்ட கெடக்கும். அன்னிக்குத்தான் எட்ட நின்னு பார்க்கறேன். ஓரம் பூரா மொட்டு. பத்து மொட்டு, ஒரு பெரிய பூ. திரும்பப் பத்து மொட்டு, ஒரு பூ. அப்படியே சுத்திக்கினு வந்து, கீழ ஒரு மூலையில வால் மாதிரி தொங்குது. அந்த வாலு முனையில நாலு எலை, குறுக்கும் நெடுக்குமா. சிலுவை. ஜெபமாலைம்மா அது! நாங்க ஒரு மந்திரம் சொல்லி முடிக்கறதுக்குள்ள, அவங்க அப்பா உதட்டைப் பார்த்துக்கினே, ஒரு மந்திரத்துக்கு ஒரு மொட்டுன்னு பின்னியிருக்கா. நாங்க சொன்னதெல்லாம் காத்தோட போச்சு. அவ சொன்னது அங்க வெயில்ல தொங்குது.

பொறந்ததுலேர்ந்து நான் பேசாம நின்னது அந்த ஒரு தடவைதான். அந்த நேரம் பார்த்துத்தான் எல்லாம் நடந்துது. எங்க வீட்டுக்காரர், இன்னாசிராஜ்னு பேரு, அவரு கேட்டாரு. உங்க வீட்டுக்காரர் அதுக்கு மேல கேட்டாரு. ஊரே திரும்பிப் பார்க்குது. இவரு பதறிப்போயி இன்னொரு தடவை கேட்டாரு. அவரு சிரிச்சிக்கினே அதுக்கும் மேல. கூடக் கேட்டாத்தான் மாதாவுக்கு மரியாதைன்னு நெனைச்சாரோ என்னமோ. இவருக்கு வெக்கம் வந்துடுச்சி. மாதா முன்னாடி நின்னுக்கினு சந்தைல மாடு புடிக்கற மாதிரி ஆயிடுச்சேன்னு கையை மடக்கிக்கினாரு. மூணு தரம்னுட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் போர்வையைத் தோள்ல போட்டுக்கினு மாதா தேரைக் கும்புட்டுட்டுப் போறாரு. மகராசன், அப்படி ஒரு சந்தோஷம் மூஞ்சியில.

அக்னஸ் என் பக்கத்துலயே நிக்கறா. அப்பா எடுத்துடுவாருன்னு சொல்லித்தான் அவகிட்ட வாங்கிக்கினு வந்திருந்தேன். அந்த ஆள் யாருன்னு கையால கேக்கறா. என்ன சொல்றது? மாதாவோடது மாதாவுக்கே போயிடுச்சின்னு சைகை காட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தா. மாதாவுக்குக் குளிராதுன்னா. அவ்வளவுதான். திரும்பிப் போயி பஸ்ஸுல உக்காந்துட்டா.

ஆமா, வேற நூல் வாங்கித்தான் குடுத்தேன். ஒரு மூலைதான் பின்னியிருப்பா. திரும்பவும் காய்ச்சல் வந்துடுச்சி.

தெரியும்மா. உள்ள வர்றப்பவே உன் வயித்தைப் பார்த்துட்டேன். ஏழா? வளையலைப் பார்த்தேன், வளைகாப்பு ஆயிடுச்சின்னு தெரிஞ்சிது. இதுக்கு முன்னாடி... ரெண்டு தடவையா? அஞ்சாம் மாசத்துலயேவா. அடக் கடவுளே. இந்தத் தடவை அஞ்சு பொறந்ததும் உங்க வீட்டுக்காரர் மாதாகிட்ட வேண்டிக்கினு வந்து இதை எடுத்தாரா? போத்திக்கினு படுத்தியா? தங்கிடுச்சா. ம்.

அப்ப அதை எடுத்துக் குடுன்னு உங்கிட்ட எப்படிக் கேக்கறது? கேக்கத்தான்மா போறேன். எனக்கு வேற வழி இல்ல.

குடுத்ததைத் திருப்பி வாங்கினா மாதா கோவிச்சிக்குவாங்களா, வயித்துல இருக்கறதுக்கு எதனா ஆயிடுமான்னு நீ பயப்படறே. நானும் பயந்தேன். அதனாலதான் இவ்வளவு நாளும் உன் வாசலுக்கு வரலை. காலையில பஸ்ஸை விட்டு எறங்கி நேரா கோவிலுக்குத்தான் போனேன். மாதாகிட்டக் கேட்டேன். கேட்டேன்னா கெஞ்சலை, சண்டை போட்டேன். உனக்கு ஒரு போர்வைதானா பஞ்சம்? வருஷத்துக்கு எத்தனை பட்டுப் புடவை வருது? நீயும் புள்ள பெத்தவதானே, உன் புள்ள கேட்டா நீ என்ன பண்ணுவேன்னு. பதில் வரலை. வந்தாத்தான் என்ன, நான் பேசற வேகத்துல அவங்க எங்க நுழையறது? இந்தா, இந்தப் பையில என் கல்யாணப் பட்டு. மாதா பாதத்துல வெச்சி, சாமியாரைத் தீர்த்தம் தெளிக்கச் சொல்லி எடுத்துக்கினு வந்திருக்கேன். இதைப் போத்திக்கோ. நூல் எங்கயும் போகலை, ஜரிகை அப்படியே இருக்குது. நீ சுகமாப் பெத்து எழுந்தப்புறமும் நீயே வெச்சிக்கோ.

தொட்டுப் பார்க்க மாட்டேன்றியே. சரி, இப்படிப் பக்கத்துல வெக்கறேன்.

இரு, போனு. அவருதான். ...ம், சொல்லுங்க. இன்னும் இல்லீங்க, பேசிக்கினுதான் இருக்கேன். ...என்னது? ரெண்டு கையுமா? நீங்க பார்த்துக்கினு நின்னீங்களா? ...டிரிப்ஸைப் புடுங்கினா அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க, தெரியுது, தெரியுது. இறுக்கமாக் கட்டலியே? ...அழாதீங்க. வார்டுல நின்னுக்கினு அழாதீங்க. வர்றேன். கொண்டாறேன். கொண்டாறேன்னு சொல்றேன் இல்ல!

கையைக் கட்டிலோட கட்டிட்டாங்களாம். ஊசியைப் புடுங்கிப் போட்டுட்டாளாம், ரத்தம் வந்துச்சாம். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நீயே சொல்லு, அவளுக்குக் கைதானே வாய். கையைக் கட்டினா வாயில துணி அடைச்ச மாதிரி இல்லையா? தண்ணி வேணும்னு எப்படிக் கேப்பா?

கடைப் போர்வையா? வாங்கிக் குடுத்தேன்மா. அதையும் வாங்கினேன். நல்ல மெத்து மெத்துன்னு ரோஜாப்பூ போட்டது. மேல போத்தினதும் ஓரத்தைத்தான் தேடினா. விரலால ஓரத்தைப் புடிச்சிக்கினு இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் தடவினா. மொட்டு இல்ல. எடுத்துக் கீழ வீசிட்டா. ஆஸ்பத்திரி பெட்ஷீட்டையும் அப்படித்தான், தடவறது, வீசறது. ராவும் பகலும் அதே வேலை. அப்பதான் எனக்கு, அவ எதைத் தேடறான்னு புரிஞ்சிது.

இதைப் பாரு. ஏலத்தன்னிக்கு எங்க நாத்தனார் செல்லுல புடிச்சது. வார்டு வாசல்ல உக்காந்துக்கினு இதையே பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துக்கினு இருக்கேன். ஓரம் ஜெபமாலைன்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. நடுவுல இருக்கற கட்டமெல்லாம் என்னன்னு இப்பதான் புரியுது. நாங்க ஜெபமாலை சொல்றப்ப ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு விஷயத்தை மனசுல நெனைச்சிக்கணும். சேசுசாமி பொறந்தது, பாடுபட்டது, உயிர்த்து எழுந்தது. தேவ ரகசியம்னு சொல்லுவோம். நான் ஸ்கூல்ல ஞானோபதேசத்துல முதல் பரிசு வாங்கினவ. எல்லா ரகசியத்தையும் வரிசை மாறாம ஒப்பிப்பேன். ஒண்ணையும் பார்த்தது கிடையாது. இவ பார்த்திருக்கா. தாடி இல்ல, முக்காடு இல்ல, ஒரு மனுஷ மூஞ்சி கிடையாது. எல்லாம் நம்ம பக்கத்து வயக்காடு, ஏரிக்கரை. பஸ்ஸு ஜன்னல் வழியா மூக்கை ஒட்ட வெச்சிக்கினு வருவா, என்னத்தடி பார்க்கறேன்னு திட்டுவேன். இதைத்தான் பார்த்திருக்கா.

இந்தக் கட்டம். கருவேல முள்ளு, வட்டமா வளைச்சிருக்கா, நடுவுல ஒரே ஒரு தையல் சிவப்பு. முள்முடி. இது கல்யாண முருங்கைப் பூ, பாரு, நெருப்பு மாதிரி மேலேர்ந்து எறங்குது. பரிசுத்த ஆவி அக்கினி நாக்கா எறங்கினாருன்னு சொல்லுவாங்க, அது. இது தூக்கணாங்குருவிக் கூடு. வாயைத் தொறந்துக்கினு காலியாத் தொங்குது. சேசுவை வெச்ச கல்லறை மூணாம் நாள் காலியா இருந்துதே, அதுக்கு. எப்படித் தோணியிருக்கும் பாரேன் அவளுக்கு! கூடு காலியா இருந்தா குஞ்சு பறந்துடுச்சின்னுதானே அர்த்தம். யாரு அழுவாங்க அதுக்கு?

இதோ, இது உனக்குத் தெரியும். மல்லாட்டைச் செடியேதான். இதை அவ பின்னிக்கினு இருந்தப்ப நான் சிரிச்சேன். ஜெப நேரத்துல போயி மல்லாட்டையாடின்னு. மேல மஞ்சப் பூ. பூவுக்குக் கீழேர்ந்து ஒரு நூலு மண்ணுல எறங்குது. உள்ள பழுப்பு நூல்ல காய். எங்க இருக்குது இப்படி ஒரு செடி? பூத்தது தலையைக் கவுத்துக்கினு மண்ணுக்குள்ள போயி, இருட்டுல உக்காந்துக்கினு காய்க்குது. சேசு சிலுவையில உயிரை விட்டு மண்ணுக்குள்ள போன ரகசியத்துக்கு இதை வெச்சிருக்கா. நானும் பல்லு மொளைச்சதுலேர்ந்து மல்லாட்டை தின்னுக்கினு இருக்கேன், ஒரு நாளாவது தோணிச்சா எனக்கு?

இந்த ரெண்டு குருவியைப் பாரு, மூக்கோட மூக்கு ஒட்டிக்கினு. ரெண்டுக்கும் வயிறு உப்பலா இல்ல? மாதா உண்டாயிருந்தப்ப அவங்க சொந்தத்துல எலிசபெத்துன்னு ஒரு அம்மா, குழந்தையே இல்லாம இருந்து வயசான காலத்துல உண்டானவங்க. மாதா மலை மேல ஏறிப் போயி அவங்களைப் பார்த்தாங்க. புள்ளத்தாச்சி ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கினாங்களாம். அதான் இது. எந்தப் பக்கம் வயித்து மேல வர்ற மாதிரி போத்துவே? இந்தப் பக்கமா? பாரேன். யாரும் சொல்லிக் குடுக்காமயே போட்டிருக்கே.

அழாதேம்மா. நீ அழக் கூடாது. உன்னை அழ வெக்கவா வந்தேன் நான்.

படத்தைத்தான் காட்டுங்களேன்றியா? படத்தைக் காட்டி என்ன பண்றது. எல்லாம் மேல தூக்கிக்கினு இருக்குமே, நீ தடவிப் பார்த்ததில்ல? பூவுன்னா பூ கைக்குத் தட்டும், முள்ளுன்னா முள்ளு தட்டும். அது கையில இருக்கணும். படமெல்லாம் ஆகாது.

இல்ல, நாளைக்கு ஆகாது. உங்க வீட்டுக்காரர் ராத்திரி வருவாரு, கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லாதே. அவரு வந்து, உங்க மாமியாரைக் கேட்டு, அவங்க ஜோசியரைக் கேட்டு... அதுவரைக்கும் எம் பொண்ணு கட்டிலோட கட்டிக் கெடக்கணுமா? நான் உன் கால்ல விழுவேன். வயசுல சின்னவன்னு பார்க்க மாட்டேன். என் வாய் இருக்கே, இது யார்கிட்டயும் தணிஞ்சி பேசினது கிடையாது. மாமியார்கிட்ட கிடையாது, சாமியார்கிட்ட கிடையாது. உங்கிட்டதான் இப்படி உக்காந்துக்கினு கேக்கறேன்.

என்ன? கொஞ்சம் சத்தமாச் சொல்லு. நீங்க பக்கத்துல இருந்தா அடங்க மாட்டாளான்னா? அம்மா முகத்தைப் பார்த்தாலும் தெரியாதா, நாளைக்குக் கொண்டாறேன்னு சைகையில சொன்னாப் புரிஞ்சிக்க மாட்டாளான்னா கேக்கறே?

எங்கம்மா பார்க்கறது. கண்ணு தெரியலை அவளுக்கு. போன வியாழக்கிழமைலேர்ந்து.

காய்ச்சல் விட்டுது, கண்ணைத் தொறந்தா. லைட்டை ஏன் போடலைன்னு கையால கேட்டா. உச்சி வெயில் ஜன்னல்ல அடிக்குது. நான் சைகை காட்டறேன், காட்டறேன், காட்டிக்கினே இருக்கேன், அவ திரும்பவும் அதையே கேக்கறா.

புள்ளத்தாச்சிகிட்ட இந்த மாதிரி சேதியெல்லாம் சொல்லக் கூடாது, அதனாலதான் வர்ற வழியெல்லாம் பல்லைக் கடிச்சிக்கினு வந்தேன். பாழும் வாய். நீ எதையும் மனசுல வெச்சிக்காதே, உனக்கு நல்லாப் பொறக்கும். பார்வை திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும்னு டாக்டர் சொல்றாரு. அது எப்பவோ நடக்கட்டும். காதும் இல்ல, கண்ணும் இல்ல, இப்ப அவகிட்ட நான் அம்மான்னு எப்படிச் சொல்றது? ஊசி போடற கையும் ஒரு கை, என் கையும் ஒரு கை. கன்னத்தைத் தொட்டேன், கடிச்சிட்டா, இதோ பாரு. யாரோ எங்கயோ இருட்டுல அடைச்சி வெச்சிருக்காங்கன்னு நெனைச்சிக்கினு இருக்காம்மா. அந்த ஓரத்துல ஒரு மொட்டு அவ விரல்ல பட்டாப் போதும். நம்ம ஆளுங்கதான் கிட்ட இருக்காங்கன்னு தெரிஞ்சிக்குவா. அப்புறம் அவ பாட்டுக்கு ஒவ்வொண்ணா உருட்டிக்கினு போகட்டும். அதுக்குத்தான் கேக்கறேன்.

எங்க எழுந்திருக்கறே? இரு, இரு. கீழ ஊனாதே, வழுக்கும், எல்லாம் தோலாக் கெடக்குது. மெதுவாம்மா. இந்தா, என் கையைப் புடிச்சிக்கோ.